ஆர்மோனியக் கடையில் ஒரு கேமரா

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு நான் போனது எனாமல் கேரியர் வாங்க. வாங்கி வந்தது ஒரு மரக் கேமரா. மடக்கினால் சின்னப் பெட்டி; பித்தளைத் திருகைத் தளர்த்தி முன்பலகையை இழுத்தால் தோல் துருத்தி விரியும். “லண்டன் சரக்கு சார்” என்றார் கடைக்காரர். பேர்த்தகடு இருந்த இடத்தில் இரண்டு ஆணித்துளைதான் மிச்சம். 9,000 ரூபாய்க்குப் பேரம் முடிந்தது.

மதுரைக்கு வந்த அன்று இரவு விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் துருத்திக்குள் வைத்துப் பார்த்தேன். மடிப்பு மூலைகளில் ஊசிமுனை வெளிச்சம், எண்ணினால் 23. ஃபிலிம் உள்ளே இருந்தால் அத்தனையும் படத்தில் கறையாக இறங்கும். கேமரா பழுதுபார்க்கும் இரண்டு பேர் கைவிரித்தார்கள். அதில் ஒருவர் மட்டும், “ஆர்மோனியக் கடையில கேட்டுப் பாருங்க” என்றார்.

நாடகக்காரர்களின் பெட்டிகளைச் சரிசெய்யும் கடை அது. பெரியவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். லென்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துருத்தியை நாலு முறை விரித்து மடக்கினார். பிறகு பலகையின் உள்விளிம்பை உளிமுனையால் லேசாகச் சுரண்டி முகர்ந்தார்.

“தேக்கு தம்பி. லண்டன்னு எவன் சொன்னான்?”

இங்கிலாந்துக் கேமராக்கள் பெரும்பாலும் மகோகனி. ஆனால் வெப்ப நாடுகளுக்கென்று தேக்கில் செய்து பித்தளைப் பட்டை அடித்தும் அவர்கள் விற்றிருக்கிறார்கள். மரத்தை வைத்து மட்டும் ஊரைச் சொல்லிவிட முடியாது. பெரியவர் பித்தளையைக் காட்டினார். இடது கீலும் வலது கீலும் ஒரு நூல் வித்தியாசம்; ஓரத்தில் அரம் ஓடிய தடம். “இது மிசின்ல வெட்டினது இல்ல. ஒரு ஆள் உக்காந்து ராவினது.” எனக்கும் அதுவே சரியாகப் பட்டது: நம் நாட்டுப் பட்டறையில் பிறந்த ஹாஃப் பிளேட் கேமரா. படம் விழும் அளவு 4¾ அங்குலத்துக்கு 6½.

ஆர்மோனியத்துக்கும் கேமராவுக்கும் உள்ள உறவு புதிதல்ல. ஆலப்புழையில் இசைக்கருவி பழுதுபார்க்கும் குடும்பத்தில் வந்த கருணாகரன், ஒரு ஸ்டூடியோக்காரரின் வெளிநாட்டுக் கேமராவுக்குத் துருத்தி சரிசெய்யப் போய், 1940-களில் கேமராவையே செய்து விற்கத் தொடங்கினார். அதன் பெயர் வாகீஸ்வரி. தேக்கு, பித்தளை, தோல் துருத்தி. லென்ஸ் மட்டும் வெளிநாடு. என் கையில் இருப்பது அதுதானா? தகடு இல்லாமல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

பெரியவர் பழைய துருத்தியின் ஒட்டைப் பிரித்துத் தரையில் விரித்தார். அதுவே அளவு. உள்ளே கறுப்புத் துணி, வெளியே சீவி மெலிதாக்கிய ஆட்டுத்தோல், நடுவில் அட்டைக் கீற்றுகள். கீற்றுக்கும் கீற்றுக்கும் நடுவே விடுகிற சந்தில்தான் வித்தை இருக்கிறது. சந்து குறைந்தால் மடங்காது. கூடினால் தொய்ந்து படத்தின் ஓரத்தை மறைக்கும். பசை முழுக்கக் காய்வதற்குள் விரல்நுனியால் மூலை மூலையாகக் கிள்ளி மடித்துக்கொண்டே வந்தார். மடித்ததை ஓர் ஆர்மோனியத்தின் அடியில் இரவு முழுக்கப் பாரம் வைத்தார்.

“ரெண்டும் ஒண்ணுதான். பெட்டியில காத்து வெளிய போகக்கூடாது. இதுல வெளிச்சம் உள்ள வரக்கூடாது.”

மறுநாள் இரவு மறுபடி டார்ச். ஒரு துளிகூட வெளிச்சம் இல்லை.

இன்னொரு கோளாறு பின்பக்கம் இருந்தது. பிம்பம் தலைகீழாக விழும் கிரவுண்ட் கிளாஸை யாரோ கழற்றித் துடைத்துவிட்டுத் திருப்பி மாட்டியிருந்தார்கள். சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்க்க வேண்டும். மாறிப்போனால் கண்ணாடியின் கனம் அளவுக்கு ஃபோகஸ் பிசகும்; கறுப்புத் துணிக்குள் துல்லியமாகத் தெரிந்த முகம் படத்தில் கலங்கிப்போகும். நாலு திருகைக் கழற்றித் திருப்பிப் போட்டேன். கண்ணாடியின் சொரசொரப்பான முகமும் பிளேட் பெட்டியில் ஃபிலிம் உட்காரும் தளமும் ஒரே ஆழத்தில் இருக்கின்றனவா என்று அடிக்கோல் வைத்து அளந்துகொண்டேன்.

முதல் படம் பெரியவரைத்தான் எடுத்தேன். இந்த அளவு ஃபிலிம் கடையில் கிடைக்காது என்பதால் போட்டோ பேப்பரையே நெகட்டிவாக்கினேன். 8-க்கு 10 தாளில் இரண்டு துண்டு தேறும். 1858-ல் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்ததுகூடப் பெரும்பாலும் காகித நெகட்டிவில்தான். காகிதத்தின் வேகம் மிகக் குறைவு. லென்ஸ் வளையத்தில் துவார அளவுக்கு 4, 8, 16, 32, 64 என்று எண்கள். 64-ல் வைத்துக் கணக்குப் போட்டேன்: நிழலில் 20 விநாடி. ஷட்டர் கிடையாது, மூடியைக் கழற்றி எண்ணி, திரும்ப மூடினேன். பெரியவர் இமைகூட அசைக்காமல் உட்கார்ந்திருந்தார். வீட்டுக் குளியலறையில் சிவப்பு விளக்கில் கழுவினால் தாள் கரியாகிவிட்டது.

தப்பு என்னுடையது. அந்த எண்கள் இன்றைய எஃப் எண்கள் அல்ல, பழைய யூ.எஸ். (யூனிஃபார்ம் சிஸ்டம்) முறை. அதில் 16 மட்டும்தான் இரண்டிலும் ஒன்று. 4 என்றால் எஃப் 8. 64 என்றால் எஃப் 32. தேவையைப் போல நாலு மடங்கு வெளிச்சம் கொடுத்திருக்கிறேன். அடுத்த வாரம் போய் 5 விநாடியில் எடுத்தேன். நெற்றிக் குங்குமம் கறுப்பாக விழுந்திருக்கிறது. காகிதத்துக்குச் சிவப்பு தெரியாது. விரல்களின் காய்ப்பு மட்டும் ஒவ்வொன்றாகத் தெரிகிறது.

உங்கள் ஊர்ப் பழைய ஸ்டூடியோப் பரணில் இப்படி ஒரு பெட்டி இருந்தால் பேர்த்தகட்டைத் தேடி அலையாதீர்கள். முதலில் டார்ச்சை உள்ளே வையுங்கள். கண்ணாடியை விரலால் தடவிப் பாருங்கள். வளையத்து எண்களை நம்புவதற்கு முன் ஒரு தாளை வீணாக்குங்கள். துருத்தி ஓட்டையாக இருந்தால் ஆர்மோனியக்காரரிடம் போங்கள், அவர் கடை திறந்திருக்கும்போதே.