இருநூறு வெள்ளி வடிகட்டி

பங்சாரும் ஒரு காலத்தில் பால்மரத் தோட்டம்தான். பங்கே, கிரிசார் என்ற இருவர் பெயரில் இருந்த தோட்டம்தான் ஊருக்கே பெயராகிவிட்டது. அங்கே ஒரு கடையில் என் மூத்த மகன், "அப்பா, இந்தக் காற்று வடிகட்டியைப் போட்டால் நம்ம சாகா பறக்கும்!" என்றான். எண்ணெய் தடவிய பருத்தித் துணி; கழுவிக் கழுவிப் போடலாமாம். விலை 200 வெள்ளி. அவன் அம்மா சேர்த்து வைத்த பணம்.

கார் பறக்கவில்லை. நிதானமாக ஓட்டும்போது என்ஜினுக்குள் போகும் காற்றை மட்டுப்படுத்துவது வடிகட்டி அல்ல. ஆக்சிலேட்டர் திறந்து மூடும் தகடு. முழுக்க மிதித்தால்தான் கொஞ்சம் வேறுபாடு தெரியும். நம் செம்மண் பாதையில் யார் அப்படி மிதிப்பது?

பெட்ரோல் மிச்சமாகும் என்றும் சொன்னார்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009-இல் சோதித்தபோது, கணினி எரிபொருளை அளந்துவிடும் கார்களில், அடைத்துப்போன வடிகட்டிகூடச் செலவை அவ்வளவாக மாற்றவில்லை.

நாலு மாதம் கழித்து, வடிகட்டிக்கு அப்பாலுள்ள குழாயை விரலால் தடவினேன். செந்தூள்! சரியாகப் பொருத்தவில்லையோ, துணியில் எண்ணெய் குறைந்ததோ. அந்தத் தூள் உள்ளே போனால் சிலிண்டரைத் தேய்த்துவிடும். அடுத்த வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிக்கு நடு இரவில் வலி கண்டால் கிள்ளான் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய கார் அது.

மறுநாளே பழையபடி தாள் வடிகட்டியைப் போட்டேன். மகன் இரண்டு நாள் பேசவில்லை. அந்தத் துணி வடிகட்டியைக் கழுவி, இன்னமும் பத்திரமாக வைத்திருக்கிறான்.