ஆயுள் சந்தா

எந்தப் பத்திரிகைக்கும் நாம் ஆயுள் சந்தா கட்டியதில்லை. ஆனால் ஒரு மருந்துக் கடைக்குக் கட்டியிருக்கிறோம். ஐம்பதாவது வயதில் டாக்டர் நம் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து அளந்துவிட்டு, "இரத்த அழுத்தம் 170. இனிமேல் தினமும் காலையில் இந்த மாத்திரை" என்றார். "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டோம். "தினமும் என்றேனே!" என்றார்.

ஜுரத்துக்கு மருந்து சாப்பிடுவதில் ஒரு நியாயம் உண்டு. உடம்பு சுடுகிறது, மருந்தினால் சூடு தணிகிறது, புட்டியைத் தூக்கி எறிகிறோம். இந்த வியாதியோ பெரும்பாலும் தலையையும் வலிக்கச் செய்யாது, காலையும் வலிக்கச் செய்யாது. இல்லாத நோய்க்கு மருந்து எதற்கு என்று மனம் வாதாடிற்று. ஒரு தை மாதத்தில் அளந்து பார்த்ததில் 128 என்று வந்தது. அவ்வளவுதான்! குணமாகிவிட்டதென்று நமக்கு நாமே சர்ட்டிபிகேட் கொடுத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிட்டோம். "மாத்திரை சாப்பிட்டாயிற்றா?" என்று மனைவி கேட்டபோதெல்லாம் தலையை ஆட்டினோம். அது பொய் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

சித்திரையில் ஒரு நாள் காலை, காப்பி டம்ளர் வலக்கையிலிருந்து நழுவி விழுந்தது. "என்ன ஆயிற்று உங்களுக்கு?" என்றாள். பதில் சொல்ல வாயெடுத்தோம், நாக்குக் குழறிற்று. ஆஸ்பத்திரி வாசலை அடைவதற்குள் கையும் பேச்சும் திரும்பிவிட்டன. ஆனால் அந்தக் கால் மணி நேரத்தில் அவள் முகத்தில் கண்டதை நாம் இன்னும் மறக்கவில்லை. மூளைக்குச் செல்லும் இரத்தம் சற்றுத் தடைப்பட்டதாம். அடுத்த முறை பேச்சு திரும்பாமலே போகலாம் என்றார் டாக்டர். அன்று அழுத்தம் 190. "128 என்பது உங்கள் உடம்பின் கணக்கல்ல, மாத்திரையின் கணக்கு" என்றும் சொன்னார்.

மருந்தே இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி எண்ணிப் பார்த்தோம். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12-ஆம் தேதி மூளையில் இரத்தம் கசிந்து மாண்டார். வருஷக்கணக்காக அவருக்கு அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. அதை அடக்க அன்று சரியான மருந்து கிடையாது. 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல், நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேர் அழுத்தத்தைத் தணிப்பதை இங்கிலாந்தின் இருதய வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். உலகம் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பின் அதனினும் சிறந்த மருந்துகள் பல வந்துவிட்டன. ரூஸ்வெல்ட்டுக்குக் கிட்டாதது இன்று தெருக்கோடிக் கடையில் கிடைக்கிறது. அதை வாங்கி நாம் மேஜை அறைக்குள் பூட்டி வைத்திருந்தோம்!

மாத்திரை சிலருக்கு இருமலைத் தரும். சிலருக்குக் கால் வீங்கும். டாக்டரிடம் சொன்னால் வேறு தருவார். சில இருதய மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் மார்வலியே வரக்கூடும். நிறுத்தும் அதிகாரம் நமக்கில்லை.

இப்போது மாத்திரை டப்பா, காப்பிப் பொடி டப்பாவின் பக்கத்தில் இருக்கிறது. "சாப்பிட்டாயிற்றா?" என்று மனைவி கேட்பதில்லை. நாம் விழுங்கும் வரை எதிரில் நிற்கிறாள். நம் தலையாட்டலுக்கு மதிப்புப் போய்விட்டது. ஆனால் சந்தாவில் ஒரு நாள்கூடப் பாக்கி இல்லை.