சுருக்குப் பையும் என் பர்ஸும்

எங்கள் தெருத் தம்பதி ஒருவர் அடுத்த மாதம் மகளைப் பார்க்கப் பாரிஸ் போகிறார்கள். "ஐயா, உங்களுக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே, அங்க என்னென்ன கவனமா இருக்கணும்?" என்று நேற்று வந்து கேட்டார்கள். பிரெஞ்சு தெரிந்ததால்தான் என் பர்ஸ் போனது என்று சொன்னேன். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, அங்கேயே அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன். ஓய்வுக்குப் பிறகு மனைவியின் ஊரான தேவதானப்பட்டிக்கு வந்துவிட்டோம். 2018 மே மாதம் சித்தப்பா மகன் டிக்கெட் அனுப்பி எங்களைப் பாரிசுக்கு அழைத்தான்.

முதல் சண்டை பெட்டியில். ஆளுக்கு 30 கிலோ என்றால் 30 கிலோவும் கொண்டு போக வேண்டும் என்பது என் மனைவியின் கணக்கு. அப்பளம், வடகம், மிளகாய்த்தூள், பெரியகுளம் மாம்பழம், இரண்டு கிலோ நெய். பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பாவுக்குள் கொண்டு போகக் கூடாது, நெய்யும் பால் பொருள்தான் என்று நான் படித்துக் காட்டினேன். மூங்கிலணைக் காமாட்சிக்கே நெய் விளக்குத்தான், இவர்களுக்கு ஆகாதா என்று கோபித்துக்கொண்டு, நெய்யைக் கோவிலுக்கே கொடுத்துவிட்டாள். மாம்பழத்தை நான் ஒளித்து வைத்தேன். அப்படியும் இரண்டு பெரிய பெட்டிகள் மிஞ்சின.

அந்தப் பெட்டிகளின் பாடு பாரிஸில் தெரிந்தது. தம்பிக்கு அன்று வேலை. விமான நிலையத்திலிருந்து ரயில் ஏறி கார் து நோர் வந்துவிடுங்கள், அங்கே நிற்கிறேன் என்றான். அங்கே பல இடங்களில் படிக்கட்டுதான், லிப்ட் இருக்காது. இரண்டு கையிலும் பெட்டி இருந்தால் சட்டைப் பைக்கு யார் காவல்? ஒரு கையால் தூக்கிப் படி ஏற முடியாத பெட்டியை எடுத்துப் போகாதீர்கள். வேட்டி இரண்டு, பேன்ட் இரண்டு, ஒரு ஸ்வெட்டர் போதும். துவைத்துக் கட்டிக்கொள்ளலாம். மருந்தும் மருந்துச் சீட்டும் மட்டும் கைப்பையில் இருக்கட்டும்.

பாஸ்போர்ட்டுக்கு என் மனைவி ஒரு வழி செய்திருந்தாள். என் பட்டாபட்டி டிராயரின் பையை ஆழமாக்கி, மேலே ஊக்கு மாட்டும்படி தைத்துவிட்டாள். தன் பணத்தைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். பாரிசுக்குப் போயும் சந்தைக்குப் போகிற மாதிரியா என்று கேலி செய்தேன். என் பர்ஸ் பின்பக்கப் பையில் இருந்தது.

நான்காம் நாள் லா சப்பலில் மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டு, மோன்மார்த்ர் குன்றுக்குப் போனோம். மெட்ரோவில் பிக்பாக்கெட் ஜாக்கிரதை என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. அந்தப் பெருமையோடு இறங்கினேன்.

தேவாலயப் படிக்கட்டருகே ஒரு சின்னப் பெண், அட்டையில் செருகிய ஒரு விண்ணப்பத்தை நீட்டினாள். காது கேளாதவர்களுக்கு உதவி, கையெழுத்து போடுங்கள் என்று சைகை காட்டினாள். மற்ற இந்தியர்கள் தலையாட்டி நகர்ந்தார்கள். நான் நின்று முழுவதும் படித்தேன். இரண்டாம் வரியில் ஒரு வினைச்சொல் தப்பாக இருந்தது. கோப்பு பார்த்த புத்தி விடுமா? பேனாவை வாங்கித் திருத்தினேன்! அதற்குள் இன்னும் இரண்டு பெண்கள் நெருங்கி நின்று எட்டிப் பார்த்தார்கள். பத்தடி நடந்த பிறகுதான் பின்பக்கம் லேசாக இருப்பது தெரிந்தது.

பாஸ்போர்ட் பட்டாபட்டியில் பத்திரம். சுருக்குப் பை இடுப்பில் பத்திரம். போனது 60 யூரோ. அது போகட்டும்.

பர்ஸில் ஒரு படமும் இருந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சித்தப்பா எழுதிக் கொடுத்தார், அப்பா கொடுக்கவில்லை. எனக்கு அப்போது 11 வயது. சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு இருவரும் இரவெல்லாம் பேசியது நினைவிருக்கிறது. சித்தப்பா குடும்பத்தோடு கப்பல் ஏறும் முன் அண்ணனும் தம்பியும் ஸ்டுடியோவில் போய் எடுத்துக்கொண்ட படம் அது. இருந்தது அந்த ஒரு பிரதிதான். அப்பா சாகும்வரை தன் பர்ஸில் வைத்திருந்தார், பிறகு நான். தம்பி கையில் கொடுக்கத்தான் கொண்டு போனேன். கடைசி நாள் கொடுக்கலாம் என்று தள்ளிப் போட்டேன். பாஸ்போர்ட்டுக்கு மூன்று நகல் எடுத்த நான், அதற்கு ஒரு நகல் எடுக்கவில்லை.

போலீஸில் எழுதிக் கொடுத்தோம். என் பிரெஞ்சை அந்த அதிகாரி பாராட்டினார். என் மனைவி சுருக்குப் பையை அவிழ்த்து, திரும்பும்வரை எனக்குத் தினம் ஐந்து யூரோ கொடுத்தாள். படத்தைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தம்பி வீட்டுக் கூடத்தில் சித்தப்பா படத்துக்குப் பக்கத்தில், நாங்கள் வருமுன்பே ஒரு ஆணி அடித்து வைத்திருந்தான். போன வாரம் வீடியோவில் பேசும்போது அவனுக்குப் பின்னால் சுவர் தெரிந்தது. ஆணி அப்படியே இருக்கிறது.