மூட்டின்மேல் மூட்டு

பெங்களூரின் தெற்குப் புறநகரில் ஓர் அடுக்ககம். அதன் மூன்றாம் தளத்துக் கூடத்தில் நான்கு வயதுச் சிறுமியொருத்தி கைக்கணினியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறாள். வண்ணக் கட்டையை விரலால் இழுத்து ஏறத்தாழ அருகில் விட்டால் போதும். அது தானே சென்று உரிய இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு மணியோசை. தளம் நிறைந்தால் ஒரு நட்சத்திரம். கூடவே ஆங்கிலத்தில் ஒரு பாராட்டு. பக்கத்தில் அமர்ந்திருக்கும் தாத்தா தருமபுரிப் பக்கத்துக்காரர். நாற்பது ஆண்டுகள் இதே நகரத்தில் கொத்தனாராக இருந்தவர். பதினேழு மாடி எழும்பும்வரை பொறுத்திருந்துவிட்டு அவர் கேட்டார்: "அஸ்திவாரம் எங்க கண்ணு?"

சிறுமிக்கு அந்தச் சொல் தெரியவில்லை. உள்ளறையிலிருந்து மகளின் குரல் வந்தது: "அப்பா, அவகிட்ட இங்கிலீஷ்லயே பேசுங்க. ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க." அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். சிமெண்ட், பில்லர், லிண்டல் என அவருக்கும் ஆங்கிலச் சொற்கள் தெரியும். ஆனால் அவற்றைக்கொண்டு பேத்தியோடு உரையாட முடியாது.

மகளைக் குறைகூற இடமில்லை. வீட்டிலிருந்தபடியே ஒரு நிறுவனத்தின் கணக்குகளைப் பார்ப்பவள் அவள். மாலையில் அந்தச் செயலி தரும் ஒரு மணி நேரம் இல்லையென்றால் அன்றைய வேலை முடியாது. குழந்தை ஆங்கிலத்தில் 'மேலே', 'கீழே', 'உள்ளே' சொல்லத் தடுமாறுகிறாள் என்று மழலையர் பள்ளியில் சொன்னபோது அவள் அஞ்சியது இயல்பே. வீட்டில் தமிழ் குறைந்தது, செயலிகள் கூடின. இதற்காகத் தாத்தா அமைதியாக வேண்டியிருக்கும் என்பதை மட்டும் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

கட்டைகளுக்கும் புதிர்களுக்கும் நீண்ட வரலாறு உண்டு. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற நிலப்பட வினைஞர் மரப்பலகையில் ஒட்டிய நிலப்படங்களை நாட்டெல்லைகளின் வழியே அறுத்துப் புவியியல் கற்பிக்கும் கருவியாக விற்றார். 1837இல் ஜெர்மனியில் குழந்தைகளுக்கான நிறுவனமொன்றைத் தொடங்கிய ஃப்ரோபெல், எளிய மரக்கட்டைகளைப் பாடமாக்கினார். 1939இல் அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்புகள் நடத்திய மரியா மாண்டிசோரியின் கருவிகளில் பிழையைச் சுட்டும் பொறுப்பு ஆசிரியரிடம் இல்லை, பொருளிடமே இருந்தது. தவறான குழியில் இட்ட உருளை ஒன்று உள்ளே போகாது, அல்லது ஆழ்ந்துவிடும். கடைசியில் ஒன்று இடமின்றி எஞ்சும். குழந்தை தானே கண்டு தானே திருத்தும்.

மழலையர்க்கான செயலிகள் பலவும் தம்மை இம்மரபின் வாரிசுகளாகவே அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. ஆனால் அருகில் வந்த துண்டைத் தானாக இழுத்துப் பொருத்தும் அந்தச் சிறு உதவி, பிழை நேரும் இடத்தையே துடைத்துவிடுகிறது. மணிக்கட்டைத் திருப்ப வேண்டியதில்லை, அழுத்தமும் எடையும் இல்லை, விழுவதற்கும் ஒன்றுமில்லை.

மொழியியலுக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. சூன்ஜா சோய், மெலிசா பவர்மன் ஆகியோரின் ஆய்வுகள் இத்துறையில் புகழ்பெற்றவை. ஆங்கிலக் குழந்தை உலகத்தை 'உள்ளே', 'மேலே' எனப் பகுக்கிறது. கொரியக் குழந்தையோ 'இறுகப் பொருந்துவது' என்பதற்குத் தனி வினையைக் கற்கிறது. மோதிரம் விரலில் ஏறுவதும், புதிர்த்துண்டு குழியில் அமர்வதும் அதற்கு ஒரே செயல். இரண்டு வயது நிறையும் முன்பே குழந்தைகள் தத்தம் மொழியின் பகுப்பைப் பற்றிக்கொள்கின்றன. தமிழ்க் குழந்தைக்கும் அப்படியொரு செல்வம் இருக்கிறது: மோதிரத்தை மாட்டுகிறோம், மணியைக் கோர்க்கிறோம், ஆப்பைச் செருகுகிறோம், பானைகளை அடுக்குகிறோம், சட்டியை அடுப்பில் ஏற்றுகிறோம். திரையில் இவையனைத்தும் ஒரே செயலாகச் சுருங்கிவிடுகின்றன: இழுத்து விடுதல்.

இவ்வினைகள் குழந்தைக்குத் தாமாக வருவதில்லை. கூட விளையாடுவோர் பேசப் பேசத்தான் வருகின்றன. பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து கட்டை அடுக்கும்போது இடம்சார்ந்த சொற்கள் மிகுதியாகப் புழங்குவதை 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தொடுதிரையில் புதிர் கற்ற இரண்டரை, மூன்று வயதுக் குழந்தைகள் அதையே கைப்பொருளில் செய்யத் திணறுகிறார்கள். பொருளில் கற்றதைத் திரையில் செய்வதும் அவர்களுக்குக் கடினமே. திரையிலேயே கற்றாலும், பெரியவரொருவர் உடனிருந்து பேசினால் அத்திணறல் குறையக்கூடும். ஆகவே, திரையா மரமா என்பதைக் காட்டிலும், பக்கத்தில் யார் இருக்கிறார், என்ன பேசுகிறார் என்பதே முதன்மையான கேள்வியாகிறது. இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2021இல் இரண்டு முதல் ஐந்து வயதுவரையிலான குழந்தைகளுக்குத் திரைநேரம் ஒரு மணியைத் தாண்டக் கூடாது என்றது. அந்த ஒரு மணியில் குழந்தை தனித்திருக்கிறதா என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். தாய்மொழியில் தொடக்கக் கல்வி என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை எழுதியிருக்கிறது. அந்தப் பள்ளியின் அறிவுரையோ அதற்கு நேர் எதிர்.

மறுவாரம் தாத்தா தெருக்கோடி மரப்பட்டறையில் கழிவுத்துண்டுகள் கேட்டு வாங்கிவந்தார். செங்கல்லின் அளவுக் கணக்கில் சிறிதாக அறுக்கச் செய்து, மூன்று மாலைகள் உப்புத்தாளால் தேய்த்தார். நாற்பது கட்டைகள். எவருக்கும் எதையும் விளக்கவில்லை, தரையில் கொட்டினார்.

சிறுமி கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக நேர்க்கோட்டில் ஏற்றினாள். பக்கத்திலேயே அடுத்த அடுக்கு, அதன் பக்கத்தில் அடுத்தது. தாத்தா ஓரத்தில் விரலால் மெல்லத் தொட்டார். சுவர் இரண்டாகப் பிளந்து சரிந்தது. அழுகை வரும் என்று தாய் எழுந்துவந்தாள். வந்தது கேள்வி: "ஏன் தாத்தா?"

"மூட்டு மேல மூட்டு வரக் கூடாது கண்ணு. கீழ ரெண்டு கல்லு சேர்ற எடத்துல மேல் கல்லோட நடுவு உக்காரணும்."

அன்று மாலை முழுதும் அவ்வீட்டில் தமிழ் புழங்கியது. ஆடுது, சாயுது, கோணல், மட்டம், நிமிர்த்து, அணைச்சு வை. "மேற்கால ஒரு நூலு தள்ளு" என்றார் ஒருமுறை. நூல் என்பது கொத்தனாருக்கு அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு. தமிழ்ச் சிற்றூரார் கைக்கெட்டும் பொருளுக்கும் திசைசொல்லிப் பேசுவதையும், நகரத்தார் இடம்-வலம் என்பதையும் எரிக் பெடர்சன் என்னும் மொழியியலாளர் 1990களில் ஆராய்ந்திருக்கிறார். மேற்கு 'மேல்' என்பதிலிருந்தும் கிழக்கு 'கீழ்' என்பதிலிருந்தும் பிறந்தவை. தமிழ்நிலத்தின் சரிவு அச்சொற்களில் இருக்கிறது. சிறுமி மேற்கு எது என்று கேட்டாள். அவர் பால்கனிக்கு அழைத்துச்சென்று சூரியன் இறங்கும் பக்கத்தைக் காட்டினார்.

தாய் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இச்சொற்கள் அனைத்தும் அவளுக்கும் ஒருகாலத்தில் தெரிந்தவையே. சிறுவயதில் சித்தாள்களுக்கிடையே மணற்குவியலில் விளையாடி வளர்ந்தவள் அவள். பள்ளியின் அறிவுரை நினைவுக்கு வந்தும் அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை.

செயலி நீக்கப்படவில்லை, அவளுடைய வேலையும் குறையவில்லை. சில நாட்கள் கழித்துச் சிறுமி மீண்டும் அதில் வீடு கட்டினாள். ஒவ்வொரு வரிசையையும் அரைக்கட்டை தள்ளித் தொடங்கினாள், மூட்டின்மேல் மூட்டு வராதபடி. அங்கே அது தேவையே இல்லை. எப்படி வைத்தாலும் அந்தச் சுவர் நிற்கும். செயலி வழக்கமான நட்சத்திரத்தைக் கொடுத்து வழக்கமான பாராட்டைச் சொன்னது. புதிதாக எதுவும் நிகழ்ந்ததாக அதற்குத் தெரியவில்லை.

"சரியா இருக்கா தாத்தா?" என்று கேட்டாள் சிறுமி.

தாய் குனிந்து கைக்கணினியின் ஒலியை அணைத்தாள். தாத்தா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சுவரைப் பார்க்கத் தொடங்கினார்.