ஆணி அறியாக் களஞ்சியங்கள்

சிம்லாவிலுள்ள நடுவணரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராய்ப் பணியாற்றிய நாட்களில், குலுப் பள்ளத்தாக்கின் பனிமலைகளைக் காணச் சென்ற நாம், சிற்றூர் ஒன்றின் தானியக் களஞ்சியத்தின் முன்னே நின்றுவிட்டோம். கல்மேடையின்மேல் தேவதாரு மரத்தால் எழுந்த சிறு கட்டடம். குனிந்தே நுழையத்தக்க ஒற்றைக் கதவு.

தேவதாரு உத்திரங்களையும் சாந்து பூசாக் கற்களையும் மாறிமாறி அடுக்கி, மூலைகளில் மரத்தோடு மரத்தைப் பிணைக்கும் இம்முறையைக் 'காட்-குனி' என்பர். 'மரமூலை' என்பது அதன் பொருள். நிலம் நடுங்குங்கால் சுவர் சற்றே நெகிழ்ந்து அமர்ந்துகொள்ளும். 1905 ஏப்ரல் 4இல் காங்ரா நிலநடுக்கம் ஏறத்தாழ 20,000 உயிர்களைக் கொண்டபோதும், இம்முறையில் அமைந்த நக்கர் கோட்டை நிலைத்தது. தேவதாருவின் எண்ணெய்ப் பசை பூச்சிகளை எளிதில் அண்டவிடாது. ஆதலின் தானியத்திற்கும் அதுவே காவல்.

அக்கதவின் முன் நின்றபோது நம் நெஞ்சு உறுத்தியது. தஞ்சை மாவட்டத்தில் நம் பாட்டனார் இல்லத்துக் கூடத்தில் பலகைகளைக் கோத்து நிறுத்திய பத்தாயம் ஒன்று இருந்தது. மேலே நெல்லைக் கொட்டி, அடியிலுள்ள சிறு திறப்பின் வழியே அள்ளுவோம். பழநெல்லே முதலில் வெளிவரும். நிலம் குத்தகைக்குப் போனபின் அது வெறுமையாயிற்று. "அண்ணா, பத்தாயத்தை விலைக்குக் கேட்கிறார்கள், என்ன செய்யட்டும்?" என்று தம்பி எழுதியிருந்தான். கோப்புகளில் எழுதிப் பழகிய கை, 'ஆட்சேபணை இல்லை' என்று விடை வரைந்தது. அப்பலகைகள் எங்குச் சென்றன என்பதை இன்றளவும் அறியோம்.

களஞ்சியத்துக்குரிய முதியவர், அடிவரிசையில் நிறம் வேறுபட்ட உத்திரம் ஒன்றைக் காட்டினார். பழையது உளுத்தபோது அதனை மட்டும் உருவிப் புதியதைச் செருகினாராம். சுற்றிலும் வயல்கள் ஆப்பிள் தோட்டங்களாகிவிட்டன. தேவதாரு வெட்டக் கட்டுப்பாடுகள் இருப்பதால் புதுவீடுகள் சிமெண்டுக்கு மாறுகின்றன. ஆயினும் அவர் சோளத்தையும் ராஜ்மாவையும் உள்ளேயே வைத்திருந்தார். காரணம் கேட்டோம்.

"பாபுஜி, உள்ளே ஏதாவது இருந்தால்தான் மனிதன் கூரையை நிமிர்ந்து பார்ப்பான்" என்றார்.

மரக் கட்டடங்களைப் பேணும் கலை முழுவதும் அவ்வொரு சொல்லில் அடங்கக் கண்டோம். பயன்படும் களஞ்சியத்தின் ஒழுக்கு உடனே கண்ணில் படும். உளுத்த மரம் உடனே மாற்றப்படும். பூட்டிய களஞ்சியம் பாழாவதை எவரும் அறிவதில்லை.

அன்பர்களின் ஊர் இல்லங்களில் பத்தாயம் எஞ்சியிருப்பின், ஒரு மரக்கால் நெல்லையேனும் அதில் இட்டு வையுங்கள். பத்தாயம் வெறுமையாய் நின்றமையாலன்றோ நம் கை அவ்விரு சொற்களை அத்துணை எளிதில் எழுதிற்று!