ஊசிக்குப் பிந்திய நாள்கள்

பிப்ரவரி 27

மாற்றுக் கல்லீரல் பொருத்தப்பட்டவரின் இரத்தத்தில் கல்லீரல் நொதிகள் உயரும்போது, உடல் அவ்வுறுப்பை ஏற்க மறுக்கிறதா, பித்தநாளம் அடைபட்டதா, கிருமித் தொற்றா என்பதை இரத்தப் பரிசோதனை மட்டும் பிரித்துக் காட்டுவதில்லை. ஆகவே விலா இடுக்கின் வழியே ஊசி செலுத்தி, நூல்துண்டு அளவே உள்ள திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பயாப்ஸி, மாற்றுக் கல்லீரல் பெற்ற இச்சிறுமிக்குத் தேவைப்படுகிறது. மறுப்பு எனில் எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்தைக் கூட்ட வேண்டும். தொற்று எனில் அதையே குறைக்க நேரலாம்.

மார்ச் 4

பயாப்ஸி ஒப்புதல் படிவத்தின் அபாயப் பட்டியலில் இரத்தக்கசிவு முதலிலும் தொற்று கடைசியிலும் இருந்தன. பொதுவான கல்லீரலுக்கு அவ்வரிசை பொருந்தும். பிறவியிலேயே பித்தநாளம் அடைபட்டிருந்த இச்சிறுமிக்கோ, மாற்று அறுவையின்போது புதிய கல்லீரலின் பித்தநாளம் நேரே சிறுகுடலோடு இணைக்கப்பட்டது. இயற்கையான வாயிலில் குடற்கிருமிகள் மேலேறாமல் காக்கும் சுருக்குத்தசை இவ்விணைப்பில் இல்லாததால், பித்தநாளத்திலேயே கிருமிகள் தங்கியிருக்கக்கூடும். ஊசி அந்நாளத்தையும் பக்கத்து இரத்தக்குழாயையும் ஒருசேரத் துளைத்தால் அக்கிருமிகள் இரத்தத்தில் கலக்கக்கூடும். இத்தகையோருக்குத் தொற்று மிகுதி என்று சில ஆய்வுகளும், வேறுபாடில்லை என்று சில ஆய்வுகளும் கூறுவதால், முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தருவதில் மருத்துவர்களிடையே ஒருமித்த வழக்கம் இல்லை. இதுபற்றிச் சிறுமியின் தாய் கேட்டதும் பணி மருத்துவர் கோப்பைப் புரட்டி, "குடல் ஜாயின்ட் இருக்குல்ல, ஒரு டோஸ் போட்டுடலாம்மா" என்றார். கேட்காமல் இருந்திருந்தால் போட்டிருப்பார்களா என்பது தெரியவில்லை.

மார்ச் 5

பயாப்ஸி முடிந்தது, காயக்கட்டில் இரத்தக் கறை இல்லை.

மார்ச் 6

சிறுமி தோசை கேட்டு அழுதாள். அச்சமெல்லாம் வீண் என்று காலையில் தோன்றியது.

மாலையில் 99.6 டிகிரி. 100.4-ஐத் தொட்டாலோ நடுக்கம் கண்டாலோ உடனே அழைக்க வேண்டும், அதற்குமுன் பாராசிட்டமால் கொடுத்து வெப்பத்தை மறைக்கக் கூடாது என்பது செவிலியர் விதி. ஆனால் உறுப்பைக் காக்க அன்றாடம் தரப்படும் ஸ்டீராய்டே காய்ச்சலை அமுக்கிவிடும் இயல்புடையது. ஆகவே 99.6-ஐக் காய்ச்சல் அன்று எனத் தள்ளவும் இயலவில்லை. தெர்மாமீட்டரைத் தாய் இரவு முழுவதும் கையிலேயே வைத்திருந்தார்.

மார்ச் 7

விடியுமுன் நடுக்கம், 102. ஆன்டிபயாடிக் ஏறுவதற்கு முன்பே, கிருமியை வளர்த்து இனங்காணும் கல்ச்சருக்கு இரத்தம் எடுக்கப்பட்டது.

மார்ச் 9

பயாப்ஸி அறிக்கையில் மிதமான மறுப்பு, கல்ச்சரில் குடற்கிருமி. ஒன்றுக்குக் கூட்ட வேண்டிய மருந்தை மற்றொன்றுக்குக் குறைக்க வேண்டும். மறுப்புக்கான ஸ்டீராய்டு ஊசியை நாளைவரை ஒத்திவைத்திருக்கிறார்கள். பிற்பகலில் 99.2.