எங்கள் முகத்துக்கு எந்த டியூப் லைட்?

தூய்மைப் பணியாளர்களின் வாக்குமூலங்களை வீடியோவில் பதிவு செய்யக் கிளம்பியபோது, எந்தக் கேமரா என்று மாதக்கணக்கில் பேசினோம். விளக்கைப் பற்றி எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மின்சாமான் கடையில் கிடைத்த நான்கு டியூப் லைட்டுகளை ஒரு பலகையில் வரிசையாக அடித்து எடுத்துக்கொண்டு போனோம்.

முதல் பதிவு ஓர் அக்காவின் வீட்டில். இருபது வருட வேலையைத் தயங்காமல் சொன்னார். எடுத்ததை அவருக்கே போட்டுக் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னப்பா, பொணமாட்டம் இருக்கேன்?" என்றார். முகம் சாம்பல் பூத்து, ஓரங்களில் பச்சை தட்டியிருந்தது. படத்தின் குறுக்கே கருப்புப் பட்டைகள் மெதுவாக ஊர்ந்தன. இதைப் பார்ப்பவர்கள் அவர்மேல் இரக்கப்படுவார்கள். அவர் சொல்வதைக் காதில் வாங்க மாட்டார்கள்.

"கருப்பா இருந்தா போட்டோ நல்லா வராது" என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அமெரிக்காவில் கோடாக் நிறுவனம் பல பத்தாண்டுகள், வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை வைத்துத்தான் அச்சுப்படத்தின் நிறத்தைச் சரிபார்க்கச் சொன்னது. 'ஷெர்லி கார்டு' என்று அதற்குப் பெயர். அளவுகோலிலேயே கோளாறு இருக்க, பழி நம் தோல்மீது விழுந்தது. எங்கள் விளக்கிலும் அதே கதைதான் என்று பிறகுதான் புரிந்தது.

டியூப்பின் மேல் ஒரு எண் இருக்கும். 765 என்றால் நிறம் காட்டும் திறன் நூற்றுக்கு எழுபது சொச்சம். ஒளியின் வெப்பநிலை 6500 கெல்வின். 865 என்றால் எண்பது சொச்சம். 950, 965 என்றால் தொண்ணூறுக்கு மேல். மலிவான டியூப்பில் பச்சை தூக்கலாக இருக்கும், அடர் சிவப்பு குறைவு. நம் தோலின் பழுப்புக்கு உயிர் கொடுப்பதே அந்தச் சிவப்புதான். நாங்கள் வாங்கியது 765.

பட்டைகளுக்குக் காரணம் பழைய சோக். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், அந்த விளக்கு நொடிக்கு நூறு முறை மினுக்கும். கேமராவை 25 பிரேமிலும், ஷட்டரை 1/50 நொடியிலும் வைத்தால் பெரும்பாலும் தப்பலாம். எலக்ட்ரானிக் சோக் உள்ள பிட்டிங்கில் மினுக்கல் நொடிக்கு ஆயிரக்கணக்கில் என்பதால் கேமராவுக்குத் தெரியாது.

இவ்வளவு தொல்லைக்கு ஹாலஜன் விளக்கே வாங்கியிருக்கலாமே என்று தோழர்கள் கேட்டார்கள். ஆயிரம் வாட் ஹாலஜனை அந்த வீட்டு ஒயரிங் தாங்காது. பத்துக்குப் பத்து அறையில் அந்தச் சூட்டில் யாரும் மனம் திறந்து பேசவும் முடியாது. 36 வாட் டியூப் நான்கு சேர்ந்தாலும் 144 வாட்தான். 1987இல் 'பார்ஃப்ளை' படத்தை எடுத்தவர்களுக்கும் இடநெருக்கடிதான் பிரச்சினை. சோக்கைத் தனியாகக் கழற்றித் தள்ளி வைத்து, இலேசான டியூப் விளக்கு செய்தார்கள். கினோ ஃப்ளோ என்ற விளக்கு அப்படித்தான் பிறந்தது.

டியூப்பை மாற்றினோம், சோக்கை மாற்றினோம். விளக்கை முகத்துக்கு நேரே வைக்காமல் பக்கவாட்டில் நெருக்கமாக வைத்தோம். நீளமான டியூப்பின் ஒளி கன்னத்திலும் நெற்றியிலும் மென்மையாகப் படர்ந்தது. வெள்ளைச் சுவரை விட்டு அக்காவைத் தள்ளி உட்காரச் சொன்னோம். பின்னால் வெளுப்பு இருந்தால் கேமரா தானாகவே முகத்தை இருட்டாக்கிவிடும். இரண்டாம் பதிவைப் பார்த்த அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இது நான்தான்" என்றார்.

அன்று விளக்குகளைக் கட்டி முடித்தபோது, கழற்றிய பழைய டியூப்களைத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போடப் போனோம். பின்னாலிருந்து அக்காவின் குரல்: "அங்க போடாத தம்பி. நாளைக்குக் காலையில நான்தான அள்ளணும்? ஒடைஞ்சு கெடந்தா கையக் கிழிக்கும்."

ஒவ்வொரு டியூப்பிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. உடைந்தால் கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாக மூச்சில் ஏறும். மின்கழிவு விதிகளின் பட்டியலில் இந்த விளக்குகளும் உண்டு. வீட்டுக் குப்பையோடு சேர்க்கக் கூடாது. அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்யப் போன நாங்கள், அவர் கைக்கே அந்தக் கண்ணாடியை அனுப்பவிருந்தோம்.

பழைய டியூப்களை அட்டைப்பெட்டியில் அடுக்கித் திரும்ப எடுத்து வந்தோம். மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்கும்வரை அவை எங்கள் அறையில்தான் இருந்தன. மினமாட்டா உடன்படிக்கையின்படி 2027 முடிவுக்குள் உலகம் முழுவதும் டியூப் லைட் உற்பத்தி நிற்க வேண்டும். இனி புதிதாக விளக்கு வாங்கும் தோழர்கள் எல்.இ.டி.யே வாங்குங்கள். அதிலும் நிறம் காட்டும் திறன் 95க்குக் குறையாமல் பாருங்கள், மினுக்கல் இருக்கிறதா என்று உங்கள் கேமராவிலேயே சோதியுங்கள். கையில் நல்ல டியூப் விளக்கு இருந்தால் அது தீரும்வரை எரியட்டும். தீர்ந்தபிறகு அது யார் கைக்குப் போகிறது என்பதையும் கேட்டுவிட்டுப் போடுங்கள்.